வாய் திறக்காத பிள்ளைகள்

யாராவது கோப்போடு வீட்டுக்கு வந்தால் நான் இன்றைக்கும் கதவைப் பாதிதான் திறப்பேன். வங்கியிலிருந்து வந்தாலும் சரி, தண்ணீர் மீற்றர் பார்க்க வந்தாலும் சரி, "வீட்டில எத்தின பேர்?" என்று கேட்டால் என்னிடமிருந்து உடனே பதில் வராது. எதற்குக் கேட்கிறார் என்று முதலில் யோசிப்பேன். பிறகு யாருக்காகக் கேட்கிறார் என்று யோசிப்பேன். அதற்குள் வந்தவருக்கு அலுத்துப்போய்விடும். "உனக்கு எல்லாரிலயும் சந்தேகம்" என்று என் கணவர் சிரிப்பார். சிரிக்கட்டும். நான் வளர்ந்த இடத்தில் சந்தேகப்படாதவர்களின் நிவாரணப் பதிவு வெட்டுப்பட்டது. சந்தேகப்பட்டவர்களின் பதிவும் வெட்டுப்பட்டதுதான், ஆனால் கொஞ்சம் பிந்தி.

எங்கள் குடியிருப்பு புத்தளத்தில், பாலாவிச் சந்தியிலிருந்து உள்ளே போகும் மணல் ஒழுங்கையில் இருந்தது. ஒரு பக்கம் உப்பளம், மறு பக்கம் லொறிகள் கிளப்பும் சீமெந்துத் தூசி. ஊரார் அதை முகாம் என்பார்கள். கிடுகுக் குடிசை கல்வீடாகி, சில கல்வீடுகளில் தரைக்கு மாபிளும் பதித்த பிறகும் அது முகாம்தான். நாங்கள் முகாம் பிள்ளைகள்தான். துப்பாக்கிக்காரர்கள் முஸ்லிம்களை மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது உம்மாவுக்கு எத்தனை வயதோ, அந்த வயது எனக்கு ஆகியும் அந்தப் பெயர் மாறவில்லை.

உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீன்காரர் தராசைத் தூக்கினால் தட்டின் அடியைத் தடவிப் பார்ப்பார். கற்பிட்டி வெங்காயம் என்று சொல்லி விற்றால் ஒன்றை உடைத்து மணந்து பார்த்துவிட்டு, "இது கற்பிட்டியா? கற்பிட்டி லொறி வந்த ரோட்டக்கூட இது பாத்திரிக்காது" என்பார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்தால்கூட, அறிவிக்கிற குரல் யாருடையது என்று தெரிந்த பிறகுதான் நம்புவார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, அது எங்கள் உம்மாதான். என்ன, அவர் அடுப்பங்கரையையும் விடவில்லை, சந்தேகத்தையும் விடவில்லை.

அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சண்டை முடிந்ததும், இனி நீங்கள் ஊருக்குத் திரும்பலாம் என்றார்கள். எங்கள் காணி மன்னாரில் காடு பற்றிக் கிடந்தது. திரும்பிப் போகிறோம் என்று பதிந்தால் புத்தளத்தில் கிடைக்கிற நிவாரணம் நின்றுவிடும். போகவில்லை என்று சொன்னால், உங்களுக்குத்தான் ஊர் வேண்டாமே என்று மன்னார்க் காணி கைவிட்டுப் போகும். ஆகவே போகிறோம் என்றும் சொல்லாமல், போகவில்லை என்றும் சொல்லாமல் இருப்பதுதான் புத்தி என்று எங்கள் ஆட்கள் முடிவு செய்திருந்தார்கள். வாப்பா இலவங்குளம் பாதையால் மன்னாருக்குப் போய், காடு வெட்டி, சொந்தக் கையால் வீடு கட்டிக்கொண்டிருந்தார். வியாழன் பின்னேரம் வருவார், வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்து இரண்டொரு நாளில் போவார். அவர் எங்கே போகிறார் என்பது முகாமில் எல்லாருக்கும் தெரியும். வெளியாள் கேட்டால் யாருக்கும் தெரியாது.

பிள்ளைகள்தான் ஆபத்து. கோப்போடு வருகிற பதிவுக்காரர் பிள்ளைகளிடம் மிட்டாய் நீட்டிக் கேட்டால் போதுமே. அதனால் எங்கள் முகாமில் எல்லா உம்மாமாரும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் வைத்திருந்தார்கள். எங்கள் உம்மா அரிசி புடைக்கும் சுளகைக் கோப்பு மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முற்றத்தில் நின்று, குரலையும் மாற்றிக்கொள்வார்.

"தங்கச்சி, உங்கட வீடு எங்க?"

"தெரியாது."

"வாப்பா என்ன வேல?"

"தெரியாது. உம்மாட்டக் கேளுங்க."

"வீட்டில எத்தின பேர்?"

இதற்கு மட்டும் நான் சில நேரம் தடுமாறி விரலை மடித்துவிடுவேன். சுளகால் ஒரு தட்டு விழும்.

"பொய் சொல்றது ஹராம் எண்டு மதரசால சொன்னாங்க உம்மா" என்று ஒரு நாள் கேட்டேன்.

உம்மா சுளகை இறக்கி வைத்து யோசித்தார். "அல்லாஹ்வுக்குத் தெரிஞ்ச அளவுக்கு உனக்குத் தெரியாதுதானே? அப்ப தெரியாது எண்டு சொல்றது பொய்யில்ல" என்றார்.

எங்கள் வீட்டுச் சட்டப் புத்தகம் அப்படித்தான் எழுதப்பட்டது.

இனி இங்கிலிஷுக்கு வருகிறேன். முகாமில் ஒரு தொண்டு நிறுவனம் சில காலம் மாலை வகுப்பு நடத்தியது. சிலாபத்திலிருந்து ஒரு மிஸ் வந்தார். அவருக்குத் தமிழ் அரைகுறை, எங்களுக்குச் சிங்களம் அரைகுறை. தண்ணீர் குடிக்கப் போகவும், பக்கத்திலிருந்தவன் கிள்ளியதைச் சொல்லவும் நடுவில் இங்கிலிஷ்தான் இருந்தது. அவர் இலக்கணம் சொல்லித் தரவில்லை. நரிக்கதை சொல்லுவார், பாதியில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை நீ சொல் என்பார். நாங்கள் பிழை பிழையாகச் சொல்லுவோம், ஆனால் நிறுத்தாமல் சொல்லுவோம். சண்டை முடிந்ததும் அந்த நிறுவனம் பெட்டி கட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டது. மிஸ்ஸும் வராமல் விட்டார். இங்கிலிஷ் மட்டும் எங்கள் வாயில் தங்கிவிட்டது. நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் கிணற்றடியில் சண்டை பிடிப்பதுகூட இங்கிலிஷில்தான், உம்மாமாருக்கு விளங்கக்கூடாதே.

ஆறாம் வகுப்புக்கு எங்களைப் புத்தளம் டவுணில் ஒரு பெரிய பாடசாலையில் சேர்த்தார்கள். அங்கே அந்த ஆண்டு இங்கிலிஷ் மீடிய வகுப்பு ஒன்று தொடங்கப் போவதாகக் கதை அடிபட்டது. கணக்கும் விஞ்ஞானமும் இங்கிலிஷிலேயே படிப்பிப்பார்களாம். ஒரே ஒரு வகுப்புத்தான், இடம் கொஞ்சம்தான். உம்மா இதைக் கேட்ட நாளிலிருந்து வேறு கதையே இல்லை. "இங்கிலிஷ்ல படிச்ச புள்ளைய எவனும் முகாம் புள்ள எண்டு சொல்ல ஏலாது" என்பார். எனக்கும் ஆசைதான். எனக்கு விஞ்ஞானம் பிடிக்கும், இங்கிலிஷ் வாய்க்குள் ஊறிக் கிடந்தது. அந்த வகுப்பு எனக்காகவே தொடங்குகிறார்கள் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

ஒரு காலை, கற்பிட்டிப் பக்கத்து இங்கிலிஷ் டீச்சர் எங்களை ஒவ்வொருவராக ஓர் அறைக்குக் கூப்பிட்டார். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. நான் உள்ளே போனேன். டீச்சருக்குப் பக்கத்துக் கதிரையில் நான் முன்பின் பார்த்திராத ஓர் ஆள். வலயக் கல்விக் கந்தோரில் இருந்து வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் மடியில் ஒரு நீலக் கோப்பு.

அவர் சிரித்த முகத்தோடு இங்கிலிஷில் கேட்டார்: உன் வீடு எங்கே இருக்கிறது? வாப்பா என்ன வேலை செய்கிறார்? வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?

ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. அதுதான் வினை. விளங்காமல் இருந்திருந்தால் ஏதாவது உளறியாவது தப்பியிருப்பேன். அதே மூன்று கேள்வி, அதே வரிசை, அதே கோப்பு. ஆக, இவர்கள் இப்போது பள்ளிக்கூடத்துக்குள்ளேயும் வந்துவிட்டார்கள், இங்கிலிஷிலும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். டீச்சர் சிரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கோப்பு வைத்திருந்தவர் சிரித்தது அதைவிடப் பிடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திருப்பியும் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று தமிழில் சொன்னேன். அவர் கோப்பில் ஏதோ எழுதினார்.

எழுதினதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. இது பதிவுக்காரர்தான்.

அன்று பின்னேரம் நான் வீட்டுக்குப் பறந்து வந்தேன். "உம்மா, ஸ்கூலுக்கு ஒரு ஆள் கோப்போட வந்து எல்லாம் கேட்டாரு. நான் ஒண்டும் சொல்லல்ல."

உம்மா என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். இரவுச் சோற்றுக்கு எனக்குத் தனியாக முட்டை பொரித்தார். பக்கத்து வீடுகளிலும் அதே கதைதான். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. உம்மாமார் வேலிக்கு மேலால் ஒருவருக்கொருவர் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். முகாமில் அன்று பெருநாள் மாதிரி இருந்தது.

பிறகு வகுப்பு பிரித்தார்கள். இங்கிலிஷ் மீடிய வகுப்பு மேல் மாடியில், மின்விசிறி உள்ள அறையில். எங்களுக்குக் கிடைத்தது வேறொன்று. இங்கிலிஷ் அறவே தெரியாத பிள்ளைகளுக்கு உதவி வகுப்பு என்று பழைய களஞ்சிய அறையில் ஒன்று வைத்தார்கள். மற்ற வகுப்புகளுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று அதை விஞ்ஞான பாட நேரத்தில் போட்டார்கள். மற்றவர்கள் ஆய்வுகூடத்துக்குப் போகும்போது நாங்கள் களஞ்சிய அறையில் ஏ, பி, சி சொன்னோம். உண்மையாகவே ஏ, பி, சிதான். நரிக்கதையை நிறுத்தாமல் சொன்ன பிள்ளைகள், அப்பிளுக்கு ஏ என்று சேர்ந்து பாடினோம். உதவி என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் நம்பியதில்லை. இங்கிலிஷும் கிடைக்கவில்லை, விஞ்ஞானமும் போனது.

நான் வீட்டில் சொல்லவில்லை, வெட்கம். ஆனால் உம்மாவிடம் எதையும் மறைக்க முடியாது. "விஞ்ஞானத்தில என்ன படிச்ச இண்டைக்கி?" என்று கேட்டார். நான் முழித்தேன். இரண்டாவது கேள்வியிலேயே அழுதுவிட்டேன்.

உம்மா கோபப்படவில்லை. கண் சிறுத்தது. அப்படிச் சிறுத்தால் அவர் கணக்குப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

"அந்த வகுப்பில வேற யாரு இரிக்காங்க?"

சொன்னேன். சொல்லிக்கொண்டு போகும்போதுதான் எனக்கே உறைத்தது. களஞ்சிய அறையில் இருந்த எல்லாரும் ஒரே பஸ் தரிப்பில் இறங்குகிறவர்கள்.

"பாத்தியா?" என்றார் உம்மா. "எனக்கு அப்பவே தெரியும்."

அவருக்கு என்ன தெரியும் என்று கேட்கவேண்டியதில்லை. அந்த டீச்சர் தன் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு இடம் பிடித்துவிட்டார். அதிபர் ஊராட்களின் பக்கம். முகாம் பிள்ளைகள் படித்து முன்னுக்கு வந்தால் இவர்களின் பிள்ளைகளுக்குப் போட்டி. இப்படி இரவெல்லாம் அடுக்கினார். எல்லாம் சரி என்றே எனக்கும் பட்டது. இப்போதும் அவற்றில் பாதி சரி என்றுதான் படுகிறது.

மறுநாள் அபாயாவை உதறிப் போட்டுக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு பாடசாலைக்கு வந்தார். அதிபர் புத்தளத்துக்காரர், சாதுவான மனிதர். சாதுவாகக் கதைக்கிறவர்களை உம்மா இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகிப்பார். அதிபர் இங்கிலிஷ் டீச்சரையும் கூப்பிட்டார்.

"எங்கட புள்ளையல் மட்டும் என்னத்துக்கு அந்த ரூமுக்குள்ள, சேர்?" என்றார் உம்மா. "எண்ட மகள் கிணத்தடியில இங்கிலிஷ்ல வாய் ஓயாமக் கதைக்கிறவ."

டீச்சருக்கு முகம் சிவந்தது. "என்ன கதைக்கிறீங்க நீங்க? வகுப்புப் பிரிக்கத்தான் வலயத்தில இரிந்து ஆள் வந்து ஒவ்வொரு புள்ளையாக் கேட்டம். முகாம் புள்ள ஒண்டாவது வாயத் திறந்திச்சா? உங்கட மகள்ட்டயும் ரெண்டு தரம் கேட்டம். கட்ட மாதிரி நிண்டா."

"என்ன கேட்டீங்க?"

"லேசான கேள்விதான். வீடு எங்க, வாப்பா என்ன வேல, வீட்டில எத்தின பேர். இத விட லேசா என்னத்தக் கேக்கிற?"

உம்மா தலைத்துணியை ஒருதரம் சரிசெய்தார். எதுவும் குலையவில்லை, இருந்தாலும் சரிசெய்தார். என்னைப் பார்த்தார். முட்டை பொரித்த இரவு அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும், எனக்கும் வந்தது. அவர் முகம் அப்படி வெளிறியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அதையே இப்ப கேளுங்க" என்றார். குரல் இறங்கிவிட்டிருந்தது. பிறகு என் தோளில் கை வைத்து, "சொல்லு மகள். கேக்கிறதுக்கெல்லாம் சொல்லு. உள்ளதச் சொல்லு" என்றார்.

டீச்சர் நம்பிக்கையில்லாமல் கேட்டார், வீடு எங்கே என்று. நான் உம்மாவை ஒருதரம் பார்த்துவிட்டுத் தொடங்கினேன். தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. இத்தனை வருடம் பூட்டி வைத்தது அல்லவா! எங்கள் வீடு மன்னாரில் இருக்கிறது, இன்னும் கூரை போடவில்லை, வாப்பா காட்டை வெட்டித் தனியாகக் கட்டுகிறார், முற்றத்தில் ஒரு கிணறு இருக்கிறது, அது உம்மா சின்னப் பிள்ளையாய் இருந்தபோது தண்ணீர் அள்ளிய கிணறு, கூரை போட்டதும் நாங்கள் எல்லாரும் அங்கே போய்விடுவோம் என்று சிலாபத்து மிஸ்ஸுக்கு நரிக்கதை சொன்ன வேகத்தில், பிழை பிழையாக, சொல்லி முடித்தேன்.

டீச்சர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அல்லாஹ்!" என்றார். "சேர், மேல் மாடி வகுப்பில இரிக்கிற ஒரு புள்ளயும் இப்பிடிக் கதைக்கிறல்ல." அந்த டீச்சரைப் பற்றி நாங்கள் நினைத்ததில் எத்தனை பங்கு பிழை என்று எனக்கு அந்த நேரம் சந்தேகம் வந்தது. அவர் கண் கலங்கியிருந்தது. தன் பிழைக்குக் கலங்கியதா, என் இங்கிலிஷுக்குக் கலங்கியதா என்பது தெரியாது.

அதிபர் கலங்கவில்லை. அவர் நான் பேசிய இங்கிலிஷைக் கேட்கவில்லை. அதில் சொன்ன விஷயத்தைக் கேட்டிருந்தார்.

"அப்ப நீங்க மன்னாருக்குப் போகப் போறீங்க" என்றார் உம்மாவிடம்.

உம்மா என் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"தங்கச்சி, நான் உண்மையச் சொல்றன், குறை நினைக்க வேணாம். ஒரு இடம் இரிக்கி, குடுக்க ஏலும். ஆனா இண்டைக்கோ நாளைக்கோ போற புள்ளைக்கு அதக் குடுத்திட்டு, இஞ்சயே இரிக்கப் போற புள்ளைய வெளில உடுறது நியாயமா? போறதா இரிக்கிறதா, அத நீங்க சொல்லுங்க."

எத்தனையோ பேர் கேட்டு உம்மா பதில் சொல்லாத கேள்வி அது. கிராம சேவகர் கேட்டிருக்கிறார், தொப்பி போட்ட தொண்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், மன்னாரிலிருந்து வந்த அதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள். வாப்பா கேட்டதில்லை. வாப்பா கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருந்தார்.

வெளியே இடைவேளை மணி அடித்தது. மேல் மாடியிலிருந்து பிள்ளைகள் இறங்கி ஓடினார்கள்.

"போகமாட்டம்" என்றார் உம்மா.

"நிச்சயமா?"

"வல்லாஹி, போகமாட்டம்."

அதிபர் ஒரு கணம் திகைத்தார். இறைவன் பெயரால் ஆணையிடச் சொல்லி அவர் கேட்கவில்லை. ஆனால் உம்மா அப்படித்தான்: மற்றவர்கள் தன்னை நம்பமாட்டார்கள் என்ற சந்தேகமும் அவருக்குக் குறைவில்லாமல் இருந்தது. ஆணையிட்டால் மீற முடியாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். வாயை மறைத்துக்கொண்டு பாடசாலைப் படிகளில் அவர் இறங்கியபோது, வென்றவர் நடக்கிற நடையாக அது இல்லை.

அன்று மாலையே உம்மா முகாமில் வீடு வீடாகப் போனார். அது பதிவு இல்லை, சோதனை, இனிக் கேட்டால் பிள்ளைகளைப் பதில் சொல்லச் சொல்லுங்கள் என்றார். யார் நம்புவார்கள்? கோப்போடு வருகிறவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லச் சொல்லி ஒருத்தி வருகிறாள், அவளுடைய மகளுக்கு மட்டும் மேல் மாடியில் இடம் கிடைத்திருக்கிறது! "யாரு உன்ன அனுப்பின?" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். வேலிக்கு மேலால் கதைப்பது நின்றுபோனது. மற்ற முகாம் பிள்ளைகள் அந்த ஆண்டு முழுவதும் களஞ்சிய அறையிலேயே இருந்தார்கள். அவர்களை இன்னொரு முறை கூப்பிட்டுக் கேட்கப் பாடசாலைக்கும் தோன்றவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வரும். கதவைத் தட்டிச் சண்டை பிடிக்க ஓர் உம்மா வந்தால்தான் ஒரு பிள்ளைக்கு விஞ்ஞானம் என்றால், அது என்ன பாடசாலை?

வியாழன் பின்னேரம் வாப்பா வந்தார். சட்டையெல்லாம் காட்டுத் தூசி, முகத்தில் சந்தோஷம். கூரைக்கு மரம் வந்து இறங்கிவிட்டது என்றார். பாலை மரமாம், பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் நிற்குமாம்.

உம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. சத்தியம் பண்ணியதைச் சொல்லும்போது மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"யாரு கேட்டது உன்னட்ட?" என்றார் வாப்பா. "என்னத்துக்குக் கேட்டாங்க? யாரோ சொல்லிக் குடுத்துத்தான் கேட்டிரிக்காங்க." அவருக்கும் முதலில் வந்தது சந்தேகம்தான். பிறகு அது போய்விட்டது, வேறு ஒன்றும் அதன் இடத்துக்கு வரவில்லை. தேத்தண்ணியில் ஆடை படர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். "நீ என்னண்டு சொன்ன மகள், அந்த டீச்சருக்கிட்ட?"

நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

"இல்ல. இங்கிலிஷ்ல சொல்லு. நீ சொன்ன மாதிரியே சொல்லு."

வாப்பாவுக்கு இங்கிலிஷில் ஒரு சொல்லும் தெரியாது. நான் அவர் முன்னால் நின்று, மன்னார் வீட்டையும், கிணற்றையும், போடாத கூரையையும், நாங்கள் எல்லாரும் அங்கே போய்விடுவோம் என்பதையும் இங்கிலிஷில் சொன்னேன். அதைச் சொன்னதால்தான் எனக்கு இங்கிலிஷ் தெரியும் என்று நம்பினார்கள். அது நடக்காது என்று உம்மா ஆணையிட்டதால்தான் இடம் தந்தார்கள். வாப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மன்னார் என்ற சொல் வந்தபோது தலையை ஆட்டினார், அது ஒன்றுதான் அவருக்கு விளங்கியிருக்கும்.

"நல்லாச் சொல்றா" என்றார் உம்மாவிடம். பிறகு, அந்த மரத்தை மழைக்கு முதல் விற்றுவிட வேண்டும், நனைந்தால் எவனும் எடுக்கமாட்டான் என்றார்.